அளவு எழுதாத கான்

வலது தோள் காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. ஸ்காபரோவில் உள்ள ஒரு ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடமாகச் சிறுநீர் நிறைந்த பிளாஸ்ரிக் கான்களைத் தூக்குகிறாள் துர்க்கா. நோயாளி ஒரு நாள் முழுக்கப் போகுமிடமெல்லாம் கானோடு சேர்த்த சிறுநீர். சில கான்கள் மூன்று லீற்றர் வரும். குலுக்கி, அளவைப் பார்த்து எழுதி, சின்னக் குழாயில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். தோள் நோவுக்கு அவள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள்: ஒரே தூக்கில் பார்த்து, எடுத்து, ஊற்றி, அளவுகளை மனதில் வைத்துக் கடைசியில் எழுதுவாள்.

இன்று பதினொரு கான். பத்து அளவுதான் நினைவில் நின்றது.

விடுபட்டது கனகாம்பிகை, ஐம்பத்திரண்டு வயது, கோர்ட்டிசோல் பரிசோதனை. மன அழுத்தத்தில் கூடும் ஹோர்மோன். உள்ளே கட்டி இருந்தாலும் கூடும். ஒரு லீற்றருக்கு எவ்வளவு என்றுதான் இயந்திரம் சொல்லும். அதை மொத்த அளவால் பெருக்கினால்தான் டொக்டருக்குப் பயன்.

"ஆயிரத்து ஐந்நூறு மில்லி எண்டு போடுங்கோ அக்கா," என்றான் பக்கத்து மேசை றோய். "மூத்திரம் வந்து சாட்சி சொல்லுமே?"

எழுதினாள். உண்மையில் அது இரண்டாயிரத்து ஐந்நூறாக இருந்தால், கட்டியோடு இருப்பவளுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு போய்விடும். வெட்டினாள். தொலைபேசியை எடுத்தாள்.

"அன்ரி, லாப்பிலயிருந்து துர்க்கா கதைக்கிறன். யூரின் திரும்ப எடுக்கவேணும்."

"ஏன் பிள்ளை, ருசி காணாதோ?" கனகாம்பிகை சிரித்தாள்.

"அளவு எழுத முதல் நான் ஊத்திப்போட்டன், அன்ரி. பிழை என்ர."

சிரிப்பு நின்றது.

"நான் பாண் சுடுற ஃபக்டரியில வேலை. கானைக் காவிக்கொண்டு லைனில நிக்கேலுமே? அதுக்குத்தானே லீவு போட்டனான். இன்னொரு நாள் வராட்டில் பிறகு வரவே வேண்டாமெண்டு சுப்பவைசர் சொல்லிப்போட்டான்."

"டொக்டரிட்டக் கடிதம் வாங்கித் தரட்டோ?"

"உவன் கடிதம் வாசிக்கிற ஆளே?" மூச்சு வாங்கினாள். "முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கிடக்குது. பிரஷர் இறங்குதில்லை. எடுக்காமலும் ஏலாது. உன்னை ஏசேல்லை, பிள்ளை. அந்த நாளை எனக்கு ஆர் தாறது?"

கனகாம்பிகை தொலைபேசியை வைத்துவிட்டாள்.

படிவத்தில் 'அளவு தெரியாது, மீண்டும் எடுக்கவும்' என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள் துர்க்கா. கனகாம்பிகைக்கு அவள் ஒரு முழு நாள் கடன்பட்டிருந்தாள்.