மூன்றாம் பொத்தான்

படகுத்துறை மாடியின் கண்ணாடி அறையில் எம்னாவுக்கு வேலை. எதிரே ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். மேசைக்கடியிலோ மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றுக்கும் பொதுவாகச் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் மூன்று பொத்தான்கள். ஒன்றாவதை அழுத்தினால் திரையில் டிக்கெட் கணக்கு வரும். இரண்டாவதை அழுத்தினால் கீழ்க்கூடத்து அறிவிப்புப் பலகை. மூன்றாவதை யாரும் தொடுவதில்லை.

"அது பழைய பலகையோட மெஷின்மா. பலகையைக் கழட்டியாச்சு, இதை எடுக்கத்தான் எனக்குச் சோம்பலா இருக்கு" என்று லுத்ஃபி எப்போதோ சொல்லியிருந்தான். மின்சார வேலையெல்லாம் அவன் பொறுப்பு. அவனுக்குப் பொறுப்பென்றால் காபி குடிப்பது.

தொடாத பொத்தான் கண்முன் இருந்தால் கை சும்மா இருக்குமா? ஒரு மதியம் எம்னா அழுத்திவிட்டாள். கறுப்புப் பக்கமும் மூலையில் துடிக்கும் ஒரு கோடும் வந்தன. 'நான் எம்னா. யாராவது இருக்கீங்களா?' என்று எழுதினாள். பதில் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

வீட்டில் அவள் வாயைத் திறந்தால் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அம்மா, "சரி சரி, பாத்திரத்தை எடுத்து வை" என்பாள். இந்தக் கறுப்புப் பக்கமாவது குறுக்கே பேசவில்லை. அதனால் ஒரு படகு போய் அடுத்த படகு வருவதற்குள், வெயிலில் கடலும் வானமும் ஒரே வெள்ளையாகிக் கண் சொக்கும் வேளையில், தினமும் மூன்றாம் பொத்தானை அழுத்திக் கனவுகளையும் வீட்டுக் கதைகளையும் எழுதினாள். கடல் படியேறி வந்து தன் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டதை எழுதினாள். இந்தக் கண்ணாடி அறை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மெல்ல மிதந்து போனதையும் எழுதினாள். வீட்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள்.

"என்ன எம்னா, பேய்க்குக் கடுதாசி போடுறியா?" என்று லுத்ஃபி சிரிப்பான்.

"ஆமா. உன்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி."

இதற்கிடையில் பிரான்ஸின் லியோன் நகரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் கூஸ்கூஸை அவன் மென்ற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. துனிஸில் இருக்கும் அவன் அம்மா இன்று மாலை போன் செய்வாள், சம்மதமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். சம்மதித்தால் இந்தக் கடலை விட்டு நிரந்தரமாகப் போக வேண்டும். காலையில் எம்னா கறுப்புப் பக்கத்தில் எழுதினாள்: 'சரி என்று சொல்லப் போகிறேன். நான் போய்விட்டால் இங்கே யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை.' எழுதும்போதே கண் நிறைந்துவிட்டது. பாவம், உண்மை என்று நம்பித்தான் எழுதினாள்.

எதிரே இருக்கும் தீவிலிருந்து மாலைப் படகு வந்தது. அதிலிருந்து இறங்கிய ஒரு கிழவி, கையில் கணவாய் மீன் கூடையோடு, மூச்சு வாங்க மாடிப்படி ஏறி நேரே கண்ணாடி அறைக்குள் வந்தாள்.

"நீதான் எம்னாவா? யாருடி சொன்னா யாருக்கும் தெரியப் போறதில்லன்னு?"

எம்னா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? எங்க துறையில இருக்கிற பலகையில தினமும் வருதே!"

மூலையில் உட்கார்ந்திருந்த லுத்ஃபியின் கையில் காபிக் கோப்பை அந்தரத்தில் நின்றது. "ஐயய்யோ! இந்த மெஷின்ல ஓடுற பலகை தீவுலயும் ஒண்ணு இருக்குல்ல… இங்க இருந்ததை மட்டும்தானே கழட்டினேன்!"

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது எம்னாவுக்கு. கட்டிலடிக் கடல், அப்பாவின் டிவி, அத்தனையையும் ஊரே படித்திருக்கிறது!

"என் பேரு மப்ரூக்கா. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் கிழவி. "எங்க வீட்டுக்காரருக்குக் காது சுத்தமாக் கேக்காது. எத்தனையோ வருஷமா எங்களுக்குள்ள பேச்சே இல்லாமப் போச்சு. இப்ப தினமும் துறைக்குப் போய் நீ எழுதினதைப் படிச்சிட்டு வந்து என்கிட்ட சொல்றார். அந்த மாப்பிள்ளை சத்தம் போட்டுத் திங்கிறான்னு எழுதினியே, அன்னிக்கு இவர் வாயை மூடிட்டே சாப்பிட்டார்!"

"ஏன் யாருமே எனக்குச் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே! அதான் ஊரே வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம். இன்னிக்குக் காலையில அதைப் படிச்சிட்டு மனுஷன் சாப்பிடல. நீ போய்ச் சொல்லிட்டு வான்னு என்னைத்தான் படகுல ஏத்திவிட்டார்."

அப்போது போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. எம்னா எடுத்தாள், தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. என்னால வர முடியாது."

"ஏம்மா? மனசுல வேற யாராவது இருக்கானா?"

எம்னா மப்ரூக்காவைப் பார்த்தாள். கிழவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தானே பெண் கேட்டு வந்தவள் போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தர் இல்லம்மா" என்றாள் எம்னா. "ஒரு தீவே இருக்கு."