ரங்கூன் எவ்வளவு தூரம்

சபூராவின் வாப்பா ரங்கூனில் இருந்தார். அங்கே அவருக்கு வேறு குடும்பம். எங்கள் தந்திக்கும் பதில் இல்லை, கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆனால் அவளை நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமை அவருக்குத்தான். அப்படிப்பட்டவர் இரண்டு மர்ஹலாவுக்கு அப்பால், அதாவது ஒட்டகத்தில் இரண்டு நாள் பயணத் தூரத்துக்கு அப்பால் இருந்தால், அவர் இடத்தில் நின்று காதியே முடித்து வைக்கலாம். அதை நம்பித்தான் சூலியா தெருவில் காதி வீட்டு மாடிக்கு வந்திருந்தோம். மாப்பிள்ளை நான்.

அவளுடைய சாச்சா ஷேக் அலாவுதீனும் இரண்டு ஆள்களோடு வந்துவிட்டார். கைம்பெண்ணான அண்ணன் மகளை வைத்துக் காப்பாற்றுகிறார் என்று ஊரில் பேர். அவருடைய சாப்பாட்டுக் கடைக்கு அரைப்பதும் ஆக்குவதும் அவள்தான். கூலி கிடையாது.

“ஹஜ்ரத், அது ஒட்டகக் காலம் லா,” என்றார் சாச்சா. “பாயான் லெப்பாஸ்ல ஏரோப்ளேன் எறங்குது. நானே வாடகைக்குக் கெரெத்தா புடிச்சுப் போய்ப் பாத்தேன். காலையில ரங்கூன்ல ஏறினா பொழுது சாய இங்க எறங்கலாம். அப்ப அண்ணன் தூரத்துலயா இருக்காரு? பக்கத்துலதான். அவரே வந்து குடுக்கட்டும்.”

காதி தாடியைத் தடவினார். அவர் யோசிக்க ஆரம்பித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

“எப்ப வருவாரு?” என்றேன்.

“வர்றப்ப வருவாரு. படிப்பைப் பாதியில விட்டுட்டு ஈய உலையில ராத்திரி வேலை பாக்குறவனுக்கு என்ன அவசரம்? பகலெல்லாம் தூங்கத்தானே போறே?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னால் காதியின் மனைவியோடு சபூரா உட்கார்ந்திருந்தாள். கல்யாணப்பெண் அங்கிருந்து பேசும் வழக்கம் இல்லை. பேசினாள்.

“சாச்சா, போன மாசம் கோலாலம்பூருக்கு ரயில்ல போனீங்களே, ஒரே நாள்ல. வழியில தொழுகையைச் சுருக்கினீங்களா, முழுசாத் தொழுதீங்களா?”

“பயணத்துல சுருக்காம? நாலு ரக்அத்தை ரெண்டாத்தான் தொழுதேன்.”

“சுருக்குறதுக்கும் அதே ரெண்டு மர்ஹலாதானே? ஒட்டகத்துலயா போனீங்க?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“வேகமாப் போனா தூரம் கொறஞ்சிடும்னா, நீங்க சுருக்கினது ஒண்ணும் சேராது. இத்தன வருசத்துக்கும் திருப்பித் தொழுங்க. முடிக்கிற வரைக்கும் நான் காத்திருக்கேன்.”

காதியும் ஈப்போவுக்கு ரயிலில்தான் போய்வருவார். தாடியிலிருந்து கையை எடுத்தார்.

“தூரம் தூரந்தான்,” என்றார். “எதுல வந்தாலும் ரங்கூன் அங்கயேதான் இருக்கு.”

சாச்சா எழுந்தார். “இங்க நிக்காஹ் நடந்தா என் வீட்டு வாசலை மிதிக்காதே.”

“மிதிக்கலை. அம்மியைக் கழுவித்தான் வச்சிருக்கேன். நாளைக்கு அரைக்க ஆள் பாருங்க.”

அவர் தன் ஆள்களைக் கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கினார். ஒருவன் பின்னால் போனான். யூசுப் என்ற மற்றவன் எழவில்லை. எனக்குச் சாட்சி சொல்ல இருவர் வேண்டும். நான் கூப்பிட்டிருந்த இருவரில் ஒருவன்தான் வந்திருந்தான்; மற்றவன் சாச்சாவுக்குப் பயந்து வராமல் நின்றுவிட்டான்.

“நான் இருக்கேன்,” என்றான் யூசுப். “அவரு கடைக் கறிக்காகத்தான் அவரு பின்னால சுத்தினேன் லா. இனிமே அங்க என்ன இருக்கு?”

கன்னிப்பெண்ணுக்கு மௌனமே போதும். கைம்பெண் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காதி கேட்டு முடிக்குமுன்பே சபூரா “சம்மதம்” என்றாள்.

“மெதுவாச் சொல்லும்மா,” என்றாள் காதியின் மனைவி.

ஜன்னல் திறந்திருந்தது. சாச்சா அப்போதுதான் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். சபூரா இன்னொரு முறை சொன்னாள், முன்னைவிடச் சத்தமாக.