வேட் நீமி சேர்த்துக் கொடுத்த தலைகள்

பதினொரு வருடமாக இந்தத் துறைமுகத்தில் சால்மன் தலை வாங்குகிறேன். என் உத்தியோகமே அதுதான். எங்கள் ஆற்று மீன் பொரிப்பகத்தில் முட்டை பொரித்து வளர்த்த குஞ்சுகளை ஆற்றில் விடும் முன் முதுகில் இருக்கும் சின்னத் துடுப்பை நறுக்கி, மூக்குக்குள் கடுகளவு கம்பி ஒன்றைச் செருகுவார்கள். வேறு ஆறுகளிலும் இதே வழக்கம் உண்டு. எந்தப் பொரிப்பகம், எந்த வருடம் என்பதைக் கம்பிதான் சொல்லும். எல்லாப் படகையும் ஒருத்தியால் பார்க்க முடியாது. அதனால் என் கைக்கு வரும் ஒரு மீனை ஐந்தாக எண்ணுவார்கள். தலைகளைப் பொறுக்கி எடுக்காதீர்கள், வந்தது வந்தபடி கொடுங்கள் என்று படகுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

ஆகஸ்ட் கடைசியில் மீன்வளத் துறைத் தலைமை அலுவலகத்திலிருந்து லோர்னா கூப்பிட்டாள்.

"நம்ம பொரிப்பக மீன்ல நூத்துக்குப் பதினஞ்சுக்கு மேல கடல்ல பிடிக்கக் கூடாது. நீ அனுப்பின தலைக் கணக்கு இருபத்தாறு காட்டுது ஜோலின். செப்டம்பர் சீசன் மூணு வாரத்தையும் மூடப் போறோம்."

இந்தத் துறைமுகத்தின் பதினொரு படகுக்கும் செப்டம்பர்தான் நல்ல மாதம். வேட் நீமிக்கோ அதுதான் வருடமே. மே, ஜூன் இரண்டு மாதமும் அவன் படகு இஞ்சின் பழுதாகிக் கரையில் கிடந்தது. பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சில் இருந்தவன். செய்தி எட்டிய அரை மணியில் என் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"உனக்கு மனசாட்சி இருக்கா தாயே? எங்க வயித்துல அடிக்கிறியே."

"கணக்கு போடறது நான் இல்ல வேட். வந்த தலையை அனுப்பறேன், அவ்வளவுதான்."

"தலையா? கோடை முழுக்க உனக்காக நாயா அலைஞ்சிருக்கேன். எதிர்க்கரைல நாலு படகுல கெஞ்சி, துடுப்பு வெட்டின மீன் தலையா பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வந்து கொடுத்தேன். அதுக்கு இதான் பலனா?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"என்ன செஞ்சே? திருப்பிச் சொல்லு."

"கம்பி கம்மியா கிடைக்குதுன்னு நீதானே போன வருஷம் புலம்பினே?"

"யோவ், என் கிட்ட வர்ற தலை எண்ணிக்கையும் உன் மீன் எண்ணிக்கையும் ஒவ்வொரு தடவையும் சரியா இருந்துச்சே."

"இருக்காதா பின்ன? துடுப்பு வெட்டாத தலையை எல்லாம் நண்டுக் கூண்டுல இரையா போட்டேன். பத்து போட்டா பத்து வெளியிலேர்ந்து. உனக்கு எண்ணிக்கை தப்பக் கூடாதுல்ல?"

அதை அவன் பெருமையாக வேறு சொன்னான். தலையில் அடித்துக்கொண்டேன். அவன் செய்த உபகாரம் ஐந்தால் பெருகி, ஊரையே கரையில் உட்கார வைக்கப் போகிறது. பொறுக்கியெடுத்த தலை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கெடுதல் என்று இவன் மண்டையில் எப்படி ஏற்றுவது? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவன் படகில் உறைபெட்டி உண்டு. கடலிலேயே தலையை வெட்டி உடலை உறைய வைத்துவிடுவான். நானும் தலையை எண்ணினேனே தவிர, ஒரு நாளாவது பெட்டியைத் திறந்து உடலில் துடுப்பு இருக்கிறதா என்று பார்த்ததில்லை. அந்தக் கோபமும் இருந்தது.

"உன் மீன் எல்லாம் எங்க?"

"இன்னும் குளிர்கிடங்குலதான். விலை ஏறட்டும்னு வச்சிருக்கேன்."

தலை போனால் கம்பி போயிற்று. ஆனால் உடலுக்குத் தாய் தகப்பன் உண்டு. பொரிப்பகத்தில் முட்டைக்கு எடுக்கும் ஒவ்வொரு ஆண் பெண் மீனின் துடுப்புத் துணுக்கும் தலைமை அலுவலக லேபில் இருக்கிறது. பிடிபட்ட மீனின் துணுக்கை அதோடு ஒத்துப் பார்த்தால் யார் பிள்ளை என்று தெரிந்துவிடும். லோர்னாவிடம் சொன்னேன். நடந்ததை வேட் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் பழைய தலைகளைத் தள்ளிவிட்டு இதை எடுத்துக்கொள்வோம் என்றாள். எழுதினால் அவன் உரிமம் மூன்று வாரம் நிறுத்தப்படும். மூடப்போவதும் அதே மூன்று வாரம்தான்.

"எழுதலேன்னா?" என்றான்.

"பதினோரு படகும் கிடக்கும். எழுதினா ஒண்ணு."

அரசாங்கத்தைத் திட்டினான், என்னைத் திட்டினான், மீனின் அப்பன் ஆத்தாளையும் விடவில்லை. பிறகு பேனா கேட்டான். நான் பெட்டியைத் திறந்து பார்க்காததை அவன் கையெழுத்துக்குக் கீழே எழுதி, என் பெயரையும் போட்டேன். குளிர்கிடங்கில் அவன் மீன்களிலிருந்து விறைத்த விரல்களோடு முந்நூறு துணுக்கு வெட்டி அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து லேபிலிருந்து பதில் வந்தது. புதுக் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான்.

சீசன் திறந்த அன்று காலை பத்துப் படகு போயிற்று. பதினோராவது கட்டிக் கிடந்தது. வேட் இரண்டு காபியோடு கொட்டகைக்கு வந்தான். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறதாம். மதியம் முதல் படகு வந்ததும், கேட்காமலே கம்பி தேடும் கருவியை எடுத்து ஒவ்வொரு மூக்கிலும் வைத்தான்.

"இல்ல. இல்ல. இல்ல." நான் எழுதினேன். கருவி எப்போதாவது கீச்சிட்டது. "இருக்கு." மறுபடி, "இல்ல. இல்ல."

கடைசித் தலையைத் தொட்டியில் போட்டான்.

"நாப்பத்திரண்டுல மூணுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் உனக்கு நாப்பதுக்கு நாப்பது கொடுத்தேனே ஜோலின்."

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த படகுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவன் காலி மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, படகு வரும்வரை கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான்.