சுல்தானுக்கு இரண்டு பெட்டிகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய மரப்பெட்டி நிற்கிறது. அதற்குள், பின்பலகையில், ஓர் ஆணியில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறது. அட்டையில் இருப்பது என் கையெழுத்து. நாளைக் காலை என் மகன் கோபிநாத் பெங்களூரிலிருந்து வருகிறான். நாயையும் பெட்டியையும் எடுத்துப் போவான். பெட்டியைத் துடைக்கும்போது அட்டையைப் பார்ப்பான். அதற்குள் நான் இதை எழுதி முடிக்க வேண்டும்.

எனக்கு எழுபத்தொரு வயது. ஆரணியில் எங்கள் கடைப் பட்டுக்கு மூன்று தலைமுறைப் பெயர். எங்கள் வீட்டார் சொன்ன சொல் பொய்யென்று இதுவரை ஒருவரும்...

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "2003 ஆகஸ்டில், சடையன் என்ற தச்சன் செய்த தவறால் ஒரு நாய்..."

அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "சுல்தான் கிரேட் டேன் வகை நாய். நின்றால் அதன் தலை என் மார்புக்கு வரும்."

இது உண்மை. இங்கிருந்து போகலாம்.

அடுக்குமாடி வீட்டில் நாய் வைக்க விடவில்லை என்று கோபிநாத் அதை ஆறு மாதம் எங்களிடம் விட்டிருந்தான். முதல் வாரம் நான் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பக்கத்து ஊர் சேவூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். "கன்னுக்குட்டியாட்டம் கீதே" என்றார்கள். அதன்பின் சங்கிலியை நான் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. "படு" என்று நான் சொன்னால் படுக்கும். வேறு யார் சொன்னாலும் படுக்காது. (பெருமைக்காக எழுதவில்லை. பெருமைக்காகத்தான் எழுதினேன்.)

தோட்டத்தோடு வீடு கிடைத்ததும் கோபிநாத் போன் செய்தான்.

"சுல்தான ஏத்தினு வர ஒரு பெட்டி செய்யணும், எழுதிக்கோங்கப்பா. நீளம் அம்பத்தாறு இஞ்ச், ஒயரம் நாப்பத்தாறு. நின்னா தல இடிக்கக் கூடாது. உள்ளயே ஒரு சுத்து திரும்பணும். இதுல கொறைக்காதீங்க."

பக்கத்தில் கிடந்த ஜக்கார்டு அட்டை* ஒன்றின் முதுகில் எழுதிக்கொண்டேன்.

* சேலைக் கரையின் டிசைனுக்காகத் துளை போட்ட அட்டை. தறியில் தேய்ந்துபோனவற்றைக் கடையில் குறிப்பெழுத வைத்திருப்போம். எளிதில் கிழியாது.

3

பட்டு பார்சல் கட்டுவதில் எங்கள் கடைக்கு ஒரு முறை உண்டு. மூடுவதற்கு முன் பெட்டிக்கும் சேலைக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்ப்போம். நுழைந்தால் பெட்டி பெரிது. வழியில் சேலை ஆடும், ஜரிகை உரசும், சரக்கு திரும்பி வரும். நாற்பத்தைந்து வருடத்தில் நான் கட்டிய ஒரு பார்சலும் திரும்பியதில்லை. டெம்போவில் குலுங்கிக்கொண்டு போகிற பெட்டியில் நாய் நிற்க இடமெதற்கு?

மகன் சொன்ன அளவை அடித்தேன். படுத்திருந்த சுல்தானை அளந்து, கீழே நாற்பத்திரண்டு, முப்பது என்று எழுதினேன்.

பெட்டி செய்ய வரச்சொல்லியிருந்த தச்சன் சடையன் அட்டையை வெகுநேரம் பார்த்தான்.

"மொதலாளி, மேல ஒண்ணு அடிச்சிகீது. கீழ ஒண்ணு கீது. எது?"

"கீழ கீறதுதான்."

"நாயி எங்க நிக்கும்?"

"அது எதுக்கு நிக்கணும்? டவுன் பஸ்ஸுலயா போவுது, கம்பிய புடிச்சிகினு நிக்கறதுக்கு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சடையனும் சிரித்தான்.

"பூனைக்கு செய்யறாப்ல கீது மொதலாளி."

"நான் பார்சல் கட்ட ஆரம்பிச்சப்போ நீ பொறக்கவே இல்ல."

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

4

"படு" என்றேன். சுல்தான் பெட்டிக்குள் போய்ப் படுத்தது. கதவைச் சாத்தி, மேலே கோணி சுற்றி, கயிறு போட்டு நானே கட்டினேன். கோபிநாத் டெம்போவோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"என்னப்பா சின்னதா கீது?"

"கோணி சுத்தினா அப்டித்தான் தெரியும். உள்ள எடம் கீது."

தூக்கி இறக்க சடையனும் கூட வந்தான். வழியெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. "எவ்ளோ அமைதியா வருது பாத்தியா" என்று கோபிநாத்திடம் சொன்னேன்.

ஆம்பூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். தண்ணீர் காட்ட கோபிநாத் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தான்.

சுல்தான் நான் சொன்ன இடத்தில் சொன்னபடியே படுத்திருந்தது. கழுத்து ஒரு பக்கம் மடிந்திருந்தது. மூக்கு பலகையில் உரசித் தோல் உரிந்திருந்தது. முன்கால்களை வெளியே ஊன்றியது. பின்கால்கள் வரவில்லை. என்னைப் பார்த்தது. எழுந்திரு என்று நான் சொல்லாததால்தான் எழவில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

"அளவ யாரு கொறைச்சது?" என்று கோபிநாத் கேட்டான்.

"சடையன் பலகைய மிச்சம் புடிச்சிட்டான்" என்றேன்.

நாயைக் கண்டு அதிர்ந்தேன் என்று எழுதினால் நம்புவீர்கள். அதுவும் உண்மை. ஆனால் என்னை உலுக்கியது அந்த வாக்கியம். தடுமாறாமல், தொண்டையைக்கூடச் செருமாமல், முன்பே நெய்து மடித்து வைத்ததுபோல் வந்தது. எழுபத்தொரு வருடம் அது எனக்குள் எங்கே இருந்தது?

சடையனின் ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கை சட்டைப் பைக்குப் போனது. அட்டையின் மூலை வெளியே தெரிந்தது. கை வெறுமனே திரும்பி வந்தது.

"தப்பு நடந்துபோச்சி தம்பி" என்றான்.

5

இந்த இடத்தில் சடையன் என்ற பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். மாற்றி எழுதிப் பார்த்தேன்: அட்டையை எடுக்கிறான், கோபிநாத்திடம் நீட்டுகிறான், டீக்கடையே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. அந்த வரைவில் என்னால் மூச்சு விட முடிந்தது. ஆனால் நடந்தது அது இல்லை.

சுல்தானை ஆரணிக்கே திருப்பிக் கொண்டுவந்தோம். ஆம், நான் கட்டிய ஒரு பார்சல் திரும்பியது. மூன்று வாரம் பாயில் கிடந்தது. இப்போது நடக்கிறது, இடது பின்காலை இழுத்துக்கொண்டு. கோபிநாத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனான். சடையனுக்கு எங்கள் தெருவில் தறி பழுதுபார்க்கும் வேலை நின்றது.

இரண்டு மாதம் கழித்து, யாரும் கேட்காமல், இந்த இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான். நான் எதிரில் வரவில்லை. கூலி வேண்டாம் என்று போய்விட்டான்.

"மரத்த திருடனவன் இப்டி கொண்டாந்து வெப்பானா?" என்று என் மனைவி சாவித்திரி கேட்டாள். நான் பேப்பரைப் புரட்டினேன்.

6

முட்டி போட்டுத் தவழாமல் அந்த அட்டையை எட்ட முடியாது. நான் யாருக்கும் குனிந்தவன் இல்லை. இன்று மத்தியானம் சாவித்திரி கோயிலுக்குப் போயிருந்தபோது தவழ்ந்து உள்ளே போனேன். சுல்தான் பின்னாலேயே வந்து என் காலருகே படுத்தது. நான் படு என்று சொல்லவில்லை. இருவரும் இருந்தும், திரும்ப எனக்கு இடமிருந்தது.

அடித்த அளவு, கீழே என் அளவு, இரண்டும் என் எழுத்தில். ஆணியைத் தொட்டேன். ஆடியது. சடையன் அதை முழுக்க அடிக்கவில்லை. இரண்டு விரலால் பிடுங்கி எடுத்துவிடலாம். பெட்டியின் மற்ற ஆணி ஒவ்வொன்றும் தலை தெரியாமல் இறங்கியிருந்தது.

அவன் தெரிந்தேதான் விட்டிருக்கிறான். எனக்காக.



7

முடிவு ஒன்று: கிழவர் ஆணியைப் பிடுங்கி, அட்டையை அடுப்பில் போட...

முடிவு இரண்டு: அட்டை அங்கேயே இருக்கிறது. கிழவர் காலையில் நேரமாக எழுந்து சடையன் வீட்டுக் கதவைத்...

இரண்டையும் எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். என் அளவில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. முடிவை நீங்கள் எழுதுங்கள். என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதுங்கள். சடையனுக்கு மட்டும் தலை இடிக்காமல் நிற்க இடம் விடுங்கள்.