மூன்றாம் கைக்கு வந்த போன்

எங்கள் வீட்டில் போன் மேலிருந்து கீழே இறங்கும். புதிது எனக்கு. நான் அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது உஷாவுக்கு. உஷா தேய்த்து முடித்தது எங்கள் மகள் தாரணிக்கு. யாரும் உட்கார்ந்து பேசிச் செய்த ஏற்பாடு இல்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. அதில் தப்பு இருக்கிறது என்று எவனாவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஏனென்றால் போன் விஷயத்தில் ஆபீஸில் நான் வைத்ததுதான் சட்டம். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் டீமில் நாற்பது பேர். பாலகுமார் என்கிற என்னைக் கேட்காமல் ஒருவரும் போன் வாங்கமாட்டார்கள். நானும் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: கொஞ்சம் பொறு, அடுத்த மாடல் வருகிறது. மார்ச்சில் கேட்டால் ஜூன் வரை பொறு, ஜூனில் கேட்டால் செப்டம்பர் வரை பொறு. பக்கத்து சீட்டு அச்யுத் என் பேச்சைக் கேட்டு ஒன்றரை வருஷமாகக் கண்ணாடி உடைந்த போனோடு அலைந்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

தாரணிக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை, குழந்தைகளுக்கு வருகிற வகை. தினமும் இன்சுலின் ஊசி. ஊசி கொஞ்சம் கூடிப்போனாலோ, ஓடியாடி விளையாடிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலோ ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். முதலில் வியர்க்கும், கை நடுங்கும், அப்புறம் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். அந்தத் தூக்கத்தில் அப்படியே விட்டுவிட்டால் மூளைக்கு ஆபத்து என்று முதல் நாளே டாக்டர் பேப்பரில் படம் போட்டுச் சொல்லியிருந்தார்.

அதற்காக அவள் மேல்கையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது சர்க்கரை அளவை அவள் ஸ்கூல் பையில் இருக்கும் போனுக்கு அனுப்பும். அந்தப் போன் எங்கள் இரண்டு பேர் போனுக்கும் அனுப்பும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் மூன்று போனும் கத்தும். அவளுடைய கிளாஸ் டீச்சர் அனுஷா மிஸ் உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிடுவார். மூன்று வருஷமாக என் பிள்ளை அப்படித்தான் பிழைத்து வந்தாள். போன் கத்தவில்லை என்றால் தாரணி நன்றாக இருக்கிறாள் என்று நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம்.

ஆகஸ்ட் நடுவில், தாரணியின் போனில் இதற்கென்று இருக்கும் ஆப்பில் ஒரு செய்தி வந்தது. இந்தப் போன் மிகப் பழையது, முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு இதில் அலாரம் ஒழுங்காக அடிக்கும் என்று சொல்ல முடியாது, வேறு போனுக்கு மாறிக்கொள்ளுங்கள். உஷாதான் முதலில் பார்த்தாள். அவளுக்கு பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. நாள் முழுக்கச் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவள். அவள் கண்ணில் எதுவும் தப்பாது. தன் போனிலும் ஓடாதா என்று அவளே தேடிப் பார்த்துவிட்டாள். செய்தி வாங்க மட்டும் சரி, சென்சாரோடு பேச அதுவும் பழசு. வீட்டில் என் போன் ஒன்றுதான் அந்த ஆப்புக்குச் சரிப்பட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சந்தாபுராவில் எங்கள் ஃப்ளாட்டுக்குள் நுழைந்து ஷூவைக்கூட நான் கழற்றவில்லை.

“ஏங்க, உங்க போன அவளுக்குக் குடுத்துடுங்களேன். நீங்க கொஞ்ச நாளு அவ போன வச்சுக்குங்க.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை பையில் அந்த விலை போனையா? ஒரே நாளில் போட்டு உடைப்பாள். என் பேங்க், ஆபீஸ் லாகின் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. செப்டம்பர் பதினொன்றாம் தேதி புது மாடல் வெளியாகிறது, அதை நான் வாங்கியதும் இந்தத் தடவை உன்னைத் தாண்டி நேராகத் தாரணிக்கே என் போன் என்று சொன்னேன். ஏதோ நாட்டையே தானமாகக் கொடுக்கிற மாதிரி சொன்னேன். அப்படியானால் சந்தாபுரா சர்க்கிளில் விலை குறைந்த போன் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே என்றாள். மட்டமான போன் வாங்குவதும் குப்பையில் போடுவதும் ஒன்று, இதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். அவள் காலண்டரில் முப்பத்தொன்றாம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி ஒன்றும் ஆகவில்லை. ஆப் திறந்தது, நம்பர் வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? உலகம் அழிந்துவிட்டதா என்று காலை காபியிலேயே அவளைக் கிண்டல் செய்தேன். பாவம், அவளும் சிரித்தாள்.

மூன்றாம் தேதியிலிருந்து தொடர்பு விட்டு விட்டு வர ஆரம்பித்தது. சென்சாரும் போனும் பேசிக்கொள்வது நின்றால் எங்கள் போன்களில் ஒரு தனி அலாரம் அடிக்கும். சர்க்கரை இறங்கியதற்கு இல்லை, தகவல் வரவில்லை என்பதற்கு. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை அடித்தது. மீட்டிங் நடுவில் அடித்தபோது மேனேஜர் சுந்தரேசன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். உஷா ஒவ்வொரு தடவையும் ஸ்கூலுக்குப் போன் போட்டாள். அனுஷா மிஸ் பொறுமைசாலிதான், ஆனாலும் பாடம் நடத்த முடியவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தச் சனியன் பிடித்த அலாரத்தை என் போனில் நிறுத்தினேன். அன்று மாலை உஷா சமையல்கட்டில் இருந்தபோது அவள் போனையும் எடுத்து, அதிலும் நிறுத்தினேன். வீட்டில் எல்லாருடைய போனுக்கும் நான்தான் செட்டிங் பார்ப்பேன், பாஸ்வேர்ட் எல்லாம் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் என்னை நச்சரிக்காமல் இருக்கட்டும் என்றுதான் செய்தேன். சர்க்கரை இறங்கினால் அடிக்கிற அலாரம்தான் அப்படியே இருக்கிறதே என்று ஒரு சமாதானம். தகவலே வராவிட்டால் அது எப்படி அடிக்கும் என்று, கம்ப்யூட்டரில் சோறு தின்கிற எனக்குத் தோன்றவில்லை.

வீடு அமைதியானது. அந்த அமைதி உஷாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

“ரெண்டு நாளா கத்தவே இல்லைங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

கத்தினாலும் குற்றம், கத்தாவிட்டாலும் குற்றமா என்று எரிந்து விழுந்தேன். அவள் தூங்கும் தாரணியின் நெற்றியில் கையை வைத்து வியர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் ஸ்கூலிலிருந்து வந்த தாரணி, போன் ரொம்பச் சுடுகிறது, பைக்குள் இருந்த சப்பாத்திகூடச் சூடாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எடுத்துப் பார்த்தேன். நாற்பது சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே அணைந்து கிடந்தது. மறுபடி ஆன் செய்ததும் உயிர் வந்தது. இன்னும் நாலு நாள்தானே என்று நினைத்தேன். வெளியே இருக்கிற ஜிப்பில் வைத்துக்கொள், காற்றுப்படும் என்று பிள்ளைக்கு யோசனை சொன்னேன்.

பதினொன்றாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளியீட்டு விழா, நேரடி ஒளிபரப்பு. கேன்டீனில் இருக்கிற பெரிய டிவியில் போடச் சொல்லி பதினைந்து பேரைக் கூட்டி உட்கார வைத்திருந்தேன். சீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால், பதினொன்று ஐம்பதுக்கு, தாரணியின் நம்பரைப் பார்த்தேன். நூற்று நான்கு. தங்கமான நம்பர். சந்தோஷமாக லிஃப்டில் இறங்கினேன்.

திரையில் அந்தப் போனின் கேமராவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தெரியாத நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கட் செய்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் கட் செய்தேன். மூன்றாவது தடவை அச்யுத்தே, எடுங்க பாலா, யாரோ என்னவோ என்றான். எடுத்தேன். ஸ்கூல் பி.டி. மாஸ்டர் ரெமிஜியஸ்.

“சார், பாப்பா எழுந்திருக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். நீங்க கிளம்பி வாங்க.”

ஓசூர் ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். நான் எப்படி வெளியே வந்தேன், ஆட்டோவில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூத்கொள்ளி சார், உட்காருங்கள் என்று கன்னடத்தில் சொல்லி விரட்டினார். வண்டிக்குள் ஆப்பைத் திறந்தேன். நூற்று நான்கு என்றே இருந்தது. அப்பாடா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் நம்பருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐந்து. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. நான் சந்தோஷப்பட்டது முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய நம்பரைப் பார்த்து.

நடந்ததை ரெமிஜியஸ் மாஸ்டர் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னார். காலையில் விளையாட்டு விழாவுக்கு ஓட்டப் பயிற்சி. அது முடிந்து டிராயிங் வகுப்பு. அனுஷா மிஸ் அன்றைக்கு லீவு. அவருக்குப் பதில் வந்த டீச்சர், டெஸ்க்கில் தலை சாய்த்த பிள்ளையைப் பார்த்து, ஓடிய களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். சர்க்கரைப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஏதாவது என்றால் பையிலிருக்கும் போன் கத்தும் என்றும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லி வைத்தவர்கள் நாங்கள்தான். ரிலே டீமுக்குப் பெயர் எடுக்க வந்த மாஸ்டர்தான் பன்னிரண்டு பத்துக்குத் தாரணியின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். பையிலிருந்த போன் அணைந்துபோய்க் கிடந்ததாம்.

உள்ளே தாரணி கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் அவள் யாரையும் பார்க்கவில்லை. உஷா எனக்கு முன்னாலேயே வந்து, கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சங்கமித்ரா இந்த ஊர்த் தமிழர்தான். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“சுகர் இப்போ ஏறிடுச்சு. ஆனா எவ்ளோ நேரம் லோல இருந்தா? அது எனக்குக் கரெக்டா தெரியணும்.”

உஷா தன் போனை நீட்டினாள். எனக்கு ஒரு அலாரமும் வரவில்லை டாக்டர், தகவல் நின்றால்கூட இது கத்துமே, ஏன் கத்தவில்லை என்று கேட்டாள். டாக்டரைக் கேட்டாள், ஆனால் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் விட்ட இடத்தை அவள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் ஒரு நிமிஷம்தான் இருந்திருக்க முடியும்.

“நான்தான் ஆஃப் பண்ணேன் உஷா. போன வாரமே.”

அவள் கத்தவில்லை. அடித்திருந்தாலாவது தேவலை. டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். பதினொன்று ஐந்துக்கு நன்றாக இருந்திருக்கிறாள், பன்னிரண்டு பத்துக்கு நினைவில்லை. நடுவில் லோவாக இருந்தது பத்து நிமிஷமும் இருக்கலாம், ஐம்பது நிமிஷமும் இருக்கலாம், பத்து நிமிஷம் என்றால் பயமில்லை என்று சொன்னார். ஐம்பது என்றால் என்ன என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. பிள்ளை முழுசாக விழிக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

உஷா என் பக்கம் கையை நீட்டினாள். என் கையைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், முட்டாள். என் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்தாள். பாஸ்வேர்ட் என்றாள். சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆப்பில் என் பெயரை எடுத்துவிட்டுத் தாரணியின் பெயரில் நுழைந்தாள். பிள்ளையின் சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றி, போனைச் சென்சாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். டைரி மாதிரி வைத்திருக்கும் சின்ன நோட்டைப் பார்த்து சென்சாரின் எண்ணை அடித்தாள். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, எனக்கு வேறு எங்கும் பார்க்கத் துணிவில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் வந்தது. நூற்று முப்பத்தெட்டு. ஆரம்பித்ததிலிருந்து முடித்தது வரை பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

என் பேங்க் அப்படியே இருந்தது. ஆபீஸ் லாகின் அப்படியே இருந்தது. போனும் உடையவில்லை. அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உஷா எழுந்தாள்.

“இது இனிமே இவகிட்டதான் இருக்கும்,” என்றாள். என்னிடம்தான் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

மூன்றரை மணிக்குத் தாரணி கண்ணை முழுசாகத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். உஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் வந்து குனிந்து, பாப்பா உன் பேர் என்ன என்று கேட்டார். தாரணி என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. டாக்டர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். இது என்ன சொல்லு என்றார். தாரணி பேனாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் நான் சொல்லிக்கொடுப்பேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதும்போது இப்படித்தான் பார்ப்பாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் பேனாவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து மறுபடியும் காட்டினார்.