தண்ணீர் வரும் நேரத்தில் கூட்டம்

ஆற்றைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தை, எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்து வைத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை, காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அந்த நேரத்தில் தெருவில் சாவே விழுந்தாலும் குடத்தை நிறைத்துவிட்டுத்தான் அழுவோம். கூட்டத்துக்கு யார் போவார்கள்?

நான் போனேன். தையல் கடையை அடைத்து, ஹோஸை வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டுப் போனேன். ஊர் நலனில் எனக்குப் பெரிய அக்கறை என்று நினைக்க வேண்டாம். முந்தின நாள் துணி கொடுக்க வந்த ஒரு அம்மா, கூட்டம் நடத்தும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், எதற்கும் போய் மேப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

அலுவலக மாடியில் நீளமான ஹால். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தண்ணீர் பாட்டில், மூடிகூடத் திறக்காமல். என்னால் முடிந்தால் அத்தனையையும் பையில் போட்டு எடுத்துப் போயிருப்பேன். சுவரில் பெரிய மேப். ஆறு நீலமாக வளைந்து போனது. பாலம் தெரிந்தது, அக்கரைக் கடைவீதி கடை கடையாகத் தெரிந்தது. இக்கரையில் எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பச்சைதான்.

இளம் இன்ஜினியர் ஒருவர் விளக்கினார். வெள்ளம் வந்தால் பாலமும் கடைவீதியும் முழுகாமல் இருக்க, இக்கரையில் புதிதாக மதகு கட்டி ஒரு ஷட்டர் வைத்து, அதைத் திறந்து தண்ணீரை இந்தப் பச்சைப் பகுதிக்குள் விடுவார்களாம். நாலைந்து நாள் நிற்குமாம். பிறகு வடிந்துவிடுமாம். பாத்திரம் கழுவிய தொட்டியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். கடைவீதிக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு நூலும் பட்டனும் விற்கிறவர் முன்வரிசையில் இருந்தார். போன வெள்ளத்தில் அவர் கடையில் கல்லா மிதந்ததை நானே பார்த்தேன்.

எனக்கு மூக்கு மேல் கோபம். எழுந்து, அது காலி நிலமில்லை, நாங்கள் குடியிருக்கும் தெரு என்றேன். தலைமை அதிகாரி ஜலதோஷத்தோடு வந்திருந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பொறுமையாகவே பதில் சொன்னார்.

"பாதிக்கப்படுற பத்து வீட்டுக்காரங்க கூட்டம் முடியறதுக்குள்ள நேர்ல வந்து ஆட்சேபணை சொன்னா, இத நிறுத்தி மறு ஆய்வுக்கு அனுப்பியே ஆகணும். அது விதிம்மா. நீங்க ஒருத்தர் சொன்னா, குறிச்சுக்கலாம். அவ்வளவுதான்."

ஓடிப்போய் வராந்தாவில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு அவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் தெருவில் எல்லோரும் நிறைத்துவிட்டு வருகிறோம் என்கிறார்களாம். நிறைத்துவிட்டு வந்தால் இங்கே நாற்காலியை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் போனை நாத்தனார் பிடுங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து வீடு. எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு மாதம் இருக்கும். காரணம் வேறென்ன, குழாயடிதான்.

"நீ மைக் புடிக்கப் போனா நாங்க தண்ணியில்லாம இருக்கணுமா?"

"அண்ணி, தண்ணி நம்ம வீடு தேடி வரப்போகுது. அதச் சொல்லத்தான் கூப்பிடுறேன்."

போன் கட்டாகிவிட்டது.

உள்ளே வந்தால், வேறு கருத்து இல்லையென்றால் முடித்துக்கொள்ளலாம் என்கிறார் இன்ஜினியர். அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது தெரிந்தது. ஆட்கள் வரும்வரை மைக்கை விடக்கூடாது, அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

தெரு முனையிலிருந்து ஆரம்பித்தேன். முதல் வீடு பஸ் டிரைவர் வீடு, புதிதாகத் தரை போட்டிருக்கிறார்கள். அடுத்தது பேக்கரிக்காரர், மாவு மூட்டையெல்லாம் தரையில்தான். அடுத்தது ஒரு டீச்சரம்மா, மாடி கட்டப்போகிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரோ சிரித்தார்கள். வீடு வீடாகப் போனேன். கதவின் நிறம் சொன்னேன், படி எத்தனை என்று சொன்னேன். பின்வரிசையில் ஒருவர், சுருக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். அதிகாரி தும்மிவிட்டு, "பேசட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன். வாசலைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

வீடுகள் தீர்ந்துகொண்டே வந்தன. என் வீட்டையும் சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தது நாத்தனார் வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டைப் பற்றி நாங்கள் வெளியில் பேசுவதில்லை. மகன் எங்கே என்று யார் கேட்டாலும் வெளியூரில் வேலை என்பார் நாத்தனார். தெருவுக்கு உண்மை தெரியும், தெரு வாயைத் திறக்காது. குழாயடியில் என்னென்னவோ சொல்லித் திட்டிக்கொள்வோம், அதை மட்டும் எடுக்க மாட்டோம். ஆனால் அப்போது எனக்கு இருந்தது பயம், அதன்மேல் போனை வைத்துவிட்டாரே என்ற ஆத்திரம். இரண்டும் சேர்ந்து வாயைத் திறந்துவிட்டன.

"கடைசி வீட்டுல ஒரு பையன் மூணு வருஷமா கட்டில்ல கிடக்கான். இடுப்புக்குக் கீழ அசைவில்ல. போன மழைக்கு வாசல்ல தண்ணி ஏறினப்போ நாலு பேரு கட்டிலோட தூக்கினோம். ஷட்டரத் திறக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு எவ்வளவு நேரம் குடுப்பீங்க, சார்?"

இன்ஜினியர் திரும்பி மேப்பைப் பார்த்தார். நூல் கடைக்காரர் குனிந்துகொண்டார். பேச்சு எடுபட்டுவிட்டது என்று தெரிந்து எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். தெரு நின்றுகொண்டிருந்தது. ஈரக் கால், நனைந்த துணி, மேல் மூச்சு கீழ் மூச்சு. எல்லோருக்கும் முன்னால் நாத்தனார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

ஆட்சேபணை உள்ளவர்கள் கையை உயர்த்தச் சொன்னார் அதிகாரி. உயர்த்தினார்கள். வீட்டுக்கு ஒரு கை என்று அவரே எண்ணினார். என்னோடு சேர்த்து ஒன்பது.

"வேற யாராவது இருக்கீங்களா?"

நாத்தனாரின் கை கீழேயே இருந்தது. தூக்கினால் கடைசி வீடு அவருடையது என்று ஹாலில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தூக்காவிட்டால் கூட்டம் முடிந்துவிடும். தூக்குங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அதிகாரி பேனா மூடியைக் கையில் எடுத்தார். என் நெஞ்சு அடிப்பது மைக்கில் கேட்டுவிடுமோ என்று அதைத் தள்ளிப் பிடித்தேன்.

நாத்தனார் நடந்து வந்தார். என்னைப் பார்க்காமல் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கடைசி வீடு என்னோடது. கட்டில்ல இருக்கறவன் என் பையன். மூணு வருஷம் இல்ல, நாலு. சரியா எழுதிக்குங்க."

மறு ஆய்வுக்கு அனுப்புவதாக அதிகாரி எழுதி, எல்லோர் முன்பும் படித்துக் காட்டினார். டிரைவர் மனைவி என் தோளைத் தட்டினார். நாத்தனார் போட்ட சத்தத்தில் பாதிக் குடத்தோடு ஓடி வந்தோம் என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரர் வரவில்லை. அந்தப் பையனோடு இருக்கிறாராம்.

படியிறங்கும்போது நாத்தனார் பக்கத்தில் போய், "அண்ணி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவர் நின்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். ஊர் முன்னாடி அவனப் பத்தி என்ன சொன்னேன்னு, வந்து அவன்கிட்ட நீயே சொல்லு."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். கட்டில் பக்கத்தில் நின்று எதிலிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் வீட்டு வாசல் வந்துவிட்டது, முதல் வார்த்தை வரவில்லை.