எனக்கு ஒண்ணும் இல்லம்மா

“வண்டி கெளம்பற வரைக்கும் மூஞ்சியக் காட்டாத. செத்த நேரம் மாட்டுக் கொட்டாயாண்ட போய் குந்திக்கினு இரு” என்றாள் கனகம்.

குரலில் கோபமில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வா என்பதுபோலத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை. தாம்பாளத்தில் ஒழுங்காக இருந்த வெற்றிலையை மறுபடி ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள்.

“எனக்கு எட்டரை பஸ்ஸும்மா. அத வுட்டா அப்புறம் பத்து மணிக்குத்தான்.” இசைவாணி தோளில் பையோடு நின்றாள். பைக்குள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே, கசங்காமல், கல்லூரி நண்பர்களோடு தொடங்கும் பத்திரிகையின் ஸ்டென்சில் தாள்கள் இருந்தன.

“போவாதன்னா சொன்னேன்? இவங்க கெளம்பனப்புறம் போ. நிச்சயத்துக்குப் போறப்ப நீ எதுக்க வந்து நின்னா நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?”

நிச்சயதார்த்தம் தம்பி வசந்தகுமாருக்கு. அவன் கண்ணாடி முன்னால் நின்று, ஏற்கெனவே வகிடெடுத்த தலையைத் திரும்பவும் வாரினான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். கம்பெனியில் முதல் ஷிப்ட் மெஷின் சத்தத்திலேயே சூப்பர்வைசர் முணுமுணுப்பது அவனுக்குக் கேட்கும். இன்று கேட்கவில்லை.

தாம்பாளத்தில் மாம்பழ நிறப் பட்டுப்புடவை ஒன்று இருந்தது. காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறி அதைத் தேர்ந்தெடுத்தவள் இசைவாணி. அவள் எடுத்த புடவை முன்வாசல் வழியாகப் போகலாம். அவள் போகக் கூடாது. அவள் புருஷன் பெங்களூர் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூடத் திரும்பியிருக்கவில்லை.

அவள் போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தாள். வேன் கிளம்புகிற பாடாக இல்லை. சித்தப்பா மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு இறங்கினார். ஒருத்தி குழந்தைக்குப் பால்புட்டி தேடினாள். பசுமாடு இசைவாணியின் பையை முகர்ந்து பார்த்தது. “இதத் தின்னுடாதடி, தாயே. எழிலரசன் கவிதை. வயிறு வீங்கிப் போவும்” என்றாள் அவள். தூரத்தில் எட்டரை பஸ் ஆரன் அடித்தது. அவ்வளவுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்க வேலியைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி நடந்துவிட்டாள்.

சாலையில் பஸ் போன புழுதிதான் இருந்தது. செங்கல் ஏற்றிய ட்ராக்டர் ஒன்று வந்தது.

“இன்னாம்மா, வேலி ஏறிக் குதிச்சி வர?” என்றான் ஓட்டுகிறவன்.

“வாசல்ல வழி இல்லண்ணே. காலேஜ்ல எறக்கி வுட்டுடு.”

பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஊருக்கே தெரிகிற உயரம். ட்ராக்டர் திருப்பத்தில் திரும்பியபோது எதிரே ஒரு வேன் வந்தது. பெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாலை வாங்கிக்கொண்டு, பெண் வீடு இருக்கும் வல்லக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அதே வேன். அவள் மாட்டிடம் பேசிக்கொண்டிருந்ததில் அது கிளம்பிப் போனதே தெரியவில்லை. முன் இருக்கையில் அப்பா கன்னியப்பன், பின்னால் அம்மா, சித்தப்பா, மூக்குக் கண்ணாடி, எல்லாம் நேருக்கு நேர். வேனிலிருந்த அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் மறுபக்கம் திரும்பின.

நிச்சயதார்த்தம் அமோகமாக நடந்து முடிந்தது. எதிரே வந்ததைப் பற்றி வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை.

இசைவாணி படித்த கல்லூரிக்கு இன்னும் கட்டடம் எழும்பவில்லை. நீளமாக மூன்று கொட்டகைகள், மேலே தகரக் கூரை. மழை பிடித்தால் விரிவுரையாளரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் பையன்களும் பெண்களும் துண்டுத்தாளில் எழுதிப் பெஞ்சுக்குப் பெஞ்சு கடத்துவார்கள். கேலி, கவிதை, கேண்டீன் உப்புமா பற்றிய விமர்சனம், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். வகுப்புத்தோழி தென்றல் அதையெல்லாம் கிழிக்காமல் சேர்த்து வைத்தாள். ஒரு மழைக்காலம் முடிந்தபோது ஒரு பத்திரிகைக்கு வேண்டிய சரக்கு இருந்தது. பெயருக்கு அலையவில்லை. ‘தகரம்’ என்று வைத்தார்கள்.

உடன் படித்த எழிலரசன்தான் பத்திரிகை ஆசிரியர். வரிக்கு இரண்டு ஆச்சரியக்குறி போடுவான். மெழுகுத்தாளில் முள்பேனாவால் கிழியாமல் எழுதுவது இசைவாணிக்குத்தான் வந்தது. அதனால் முதல் இதழில் எல்லோருடைய கவிதையும் அவள் கையெழுத்தில் இருந்தது. அவளுடையது என்று ஒரு வரியும் அதில் இல்லை.

அன்று தாமதமாகப் போய்ச் சேர்ந்தவள், நடந்ததைச் சொன்னாள். மாடு, வேலி, ட்ராக்டர், திரும்பிக்கொண்ட முகங்கள் எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். தென்றல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழிலரசன் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தான்.

“இத நான் வுட மாட்டேன். ‘வாடிய வெண்மலரே!!’ன்னு ஆரம்பிக்கறேன்.”

“நான் பச்சப் புடவயில கீறேன், தெரியுதா?” என்றாள் இசைவாணி. “நீ எழுதனா படிக்கறவங்க ஐயோ பாவம்னுட்டுப் பக்கத்தத் திருப்பிடுவாங்க. எனக்கு ஐயோ பாவம் வேணாம்.”

“பின்ன இன்னா வேணும்?”

அவள் சற்று யோசித்தாள். “நாலு பேரு இன்னா நெனைப்பாங்கன்னு எங்கம்மா சொல்லுது. அந்த நாலு பேரு யாருன்னு எனக்குத் தெரியணும்.”

தென்றல் சிரிப்பை நிறுத்தினாள். “கேட்டுடலாம்டி. தலைவரு, நடிகருன்னாதான் பேட்டி எடுக்கணுமா?”

முதல் இதழ் அன்று ரோனியோ நகலெந்திரத்தில் உருண்டு, மரத்தடியில் கைக்குக் கை போய்விட்டது. இரண்டாம் இதழுக்குத் தலைப்பு அப்போதே தயார்: ‘யாருக்கு ஆட்சேபணை?’ சொன்னதைச் சொன்னபடி போடுவது, பெயரை முழுசாகப் போடுவது என்று விதியும் வைத்துக்கொண்டார்கள்.

முதல் பேட்டி அம்மாவிடம். கனகம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்துல நான் முன்னால நிக்கறதுல உனக்கு ஆட்சேபணையாம்மா?”

“எனக்கு இன்னாடி? நான் பெத்தவ. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்கப்பா நாலு எடத்துக்குப் போய் வர மனுசன். அவர யாராச்சும் ஒரு வார்த்த கேட்டுட்டா?”

“அப்பா சொன்னாரா?”

“வாயத் தொறந்து சொல்லணுமா? நானே புரிஞ்சிக்கினேன்.”

கன்னியப்பன் டீக்கடை பெஞ்சில் இருந்தார். இளம் வயதில் மேடையேறி மூடப்பழக்கங்களைக் கிழித்தவர். மகளுக்குத் தமிழில் பெயர் வைத்தவர். தாலியறுத்த மகளைத் திரும்பப் படிக்க அனுப்பியதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர். பேட்டி என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண்ணினத்தின் விலங்குகள் பற்றி மூன்று பக்கத்துக்குப் பேசினார். எழுதிக்கொண்டிருந்த தென்றலின் கை வலித்தது.

“அப்ப கல்யாணத்துல நான் முன்னால நிக்கலாமாப்பா?”

கன்னியப்பன் டீ கிளாஸுக்குள் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சம்மந்தி வூட்டுக்காரங்க கோயிலு, கொளம்னு கீறவங்க. அவங்க மனசு நோவக் கூடாது பாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மொதல்ல சொன்னத மட்டும் போடு. கடைசில சொன்னது வேணாம்.”

“விதி இருக்குதுப்பா” என்றாள் இசைவாணி.

வரப்போகும் சம்பந்தி தணிகாசலத்துக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில் அருகே தேங்காய்க் கடை. இருவரையும் பார்த்ததும் எழுந்து நின்று ஸ்டூல் போட்டார். கேள்வியைக் கேட்டதும் திகைத்துப்போனார்.

“நாங்களா? நாங்க எங்கம்மா சொன்னோம்? நிச்சயத்தன்னிக்கி உன்னக் காணோமேன்னு எங்க பொண்ணே கேட்டுச்சி. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க வூட்ல பெரியவங்க, கிளியம்மா, பழைய காலத்து மனுசி, அவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு உங்கம்மாதான் சொன்னாங்க.”

கடைக்குப் பின்னாலிருந்து மணப்பெண் சசிகலா எட்டிப் பார்த்தாள். “அந்தப் பொடவ நீங்க எடுத்ததாமேக்கா? எனக்கு ரொம்பப் புடிச்சிது” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

ஆக, சுற்றிச் சுற்றி விரல் கிளியம்மாளிடம் வந்து நின்றது. கன்னியப்பனின் மூத்த அக்கா. அடுத்த தெருவில் தனியாக, இரண்டு ஆடுகளோடு இருப்பவள். வாய் பொல்லாதவள் என்று பெயர். இசைவாணிக்கே கொஞ்சம் பயம்தான். தென்றலை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போனாள்.

கிளியம்மாள் கேள்வியை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். ஆடுகள் மிரண்டு விலகுகிற மாதிரிச் சிரிப்பு.

“நானா? நானா ஒத்துக்க மாட்டேன்னு சொன்னாங்க? என்னிய யாருடி கேட்டா?”

“அத்த, எல்லாரும் உன்னியத்தான்...”

“எம் புருசன் போனப்ப எனக்கு உன் வயசுகூட இல்ல. உங்கப்பன் கல்யாணத்துல நான் எங்க இருந்தேன் தெரியுமா? நெல்லு மூட்ட அடுக்கற ரூமுல. கூடப் பொறந்த தம்பி கல்யாணத்த நான் காதாலதான் பாத்தேன். கெட்டிமேளம் கேட்டுச்சி. சரி, கட்டிட்டான் போல கீதுன்னு நெனைச்சிக்கினேன். அதோட வுடு, அதுக்கப்புறம் எத்தினி கல்யாணம்! ஒரு தாலி கட்டக்கூட நான் கண்ணால பாத்தது இல்லடி.”

தென்றலின் பேனா நின்றுவிட்டது.

“எழுதும்மா. ஏன் நிறுத்திட்ட?” என்றாள் கிளியம்மாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. “எனுக்காவத்தான் உன்னிய மாட்டுக் கொட்டாயில குந்த வெச்சாங்களா? எம் பேரச் சொல்லியா?”

இசைவாணி நோட்டை மூடி வைத்தாள். அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் இந்தக் கிழவியை நினைத்து வயிறெரிந்ததை எண்ணி அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணம் வல்லக்கோட்டையில், கோயிலை அடுத்த மண்டபத்தில். நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்கியிருந்தார். முன்வாசல் வழியாகக் கிளியம்மாளும் இசைவாணியும் கைகோத்து உள்ளே வந்தார்கள். நேரே நடந்து, மணமேடைக்கு எதிரே ஜமக்காளத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

கனகம் கன்னியப்பனைப் பார்த்தாள். கன்னியப்பன் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி ஐயரைப் பார்த்தார். ஐயருக்கு முகூர்த்தம் தவறக் கூடாது என்கிற கவலை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். யார் வேண்டுமானாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தூணில் சாய்ந்தபடி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தென்றல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் அச்சில் வர யாருக்கும் மனமில்லை.

கனகம் மெதுவாக நகர்ந்து, மகள் கால் நீட்ட இடம் விட்டாள்.

கெட்டிமேளம் முழங்கியது. கிளியம்மாள் கண்ணை இமைக்கவே இல்லை. எல்லோரும் அட்சதை போட்டு முடித்தபிறகுதான் தன் கையிலும் அரிசி இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. எப்படிப் போடுவது என்று பழக்கமில்லை. வீசிய வேகத்தில் முக்கால்வாசி தவில்காரர் தலையில் போய் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கிளியம்மாளின் கன்னம் நனைந்திருந்தது. இசைவாணி அவள் கையை விடவில்லை.

மூன்றாம் முடிச்சைப் போட மட்டும் ஒன்றுவிட்ட தங்கையைத்தான் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்த அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். அதையும் இசைவாணி பேட்டியின் கடைசியில் சேர்த்து எழுதினாள்.

இரண்டாம் இதழைப் பெரிதாக வெளியிடலாம் என்று கல்லூரி முதல்வர் கோதண்டராமனே சொன்னார். தாளாளரும் அவர் மனைவியும் வருவார்கள், மேடை, மைக்செட், குத்துவிளக்கு. அதற்கு முன் ஒரு பார்வை பார்க்கவேண்டும் என்று ஸ்டென்சில் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர் குழு மொத்தமும் அவர் மேசை முன்னால் நின்றது.

அவர் பேட்டியை வெளிச்சத்தில் பிடித்து முழுக்கப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். கிளியம்மாள் பகுதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அற்புதம்மா. சமூகத்துக்கு ஒரு சாட்டையடி. நம்ம காலேஜ்லேருந்து இப்படி ஒண்ணு வருதுங்கறது எனக்குப் பெருமையா இருக்கு.”

எழிலரசனுக்கு உச்சி குளிர்ந்தது. நிகழ்ச்சி நிரலை நீட்டினான். “இசைவாணிதான் சார் விளக்கேத்துது. முழுப் பத்திரிகையும் அது கையெழுத்து.”

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளைப் பார்த்தார். இசைவாணியின் நெற்றியைப் பார்த்தார். பிறகு ரொம்பக் கனிவாகச் சொன்னார்:

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தாளாளர் வீட்டம்மா வர்றாங்க. அவங்க ஏதாவது மனசுல நெனைச்சுக்குவாங்க. விளக்க மட்டும் வேற யாராவது ஏத்தட்டுமே. நீ மேடைக்குப் பின்னால இருந்து மைக்செட் பையனுக்கு ஒத்தாசை பண்ணு.”

எழிலரசன் வாயைத் திறந்தான். தென்றல் அவன் காலை மிதித்தாள்.

இசைவாணி மேசையிலிருந்த கடைசி ஸ்டென்சில் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சார், பேட்டிக்குக் கீழே கொஞ்சம் எடம் மிச்சம் இருக்கு. நீங்க இப்ப சொன்னதப் போட்டுக்கலாமா?”

முதல்வர் முகம் மலர்ந்தது. “சாட்டையடியா? தாராளமா போடும்மா.”

“நீங்க சொன்னது எல்லாத்தையும் சார். ஒரு வார்த்தை மாத்தாம போடுவோம்.”

“அதான் பத்திரிகை தர்மம்.”

“பேர் எப்படி சார் போடணும்?”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: “கே. கோதண்டராமன், எம்.ஏ., எம்.ஃபில்.”

கிளியம்மாள் என்ற பெயருக்கு நேர் கீழே, மெழுகு கிழியாமல், இசைவாணி எழுதத் தொடங்கினாள்.

“எம்.ஃபில். விட்டுப் போயிடாமப் பாத்துக்கோம்மா” என்றார் முதல்வர்.